கைத்தொழில் அரங்கம்: ஒன்பது ஐந்தான விந்தை



வால்வு வானொலிப் பெட்டி வீட்டுக் கூடத்தில் வீற்றிருந்த காலத்தை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பாட்டு நடுவே திடீரெனக் குரல் அற்றுப்போகும். வீட்டுப் பெரியவர் எழுந்து சென்று பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். நாள் செல்லச் செல்லத் தட்டு வலுக்கும். ஒரு நாள் எத்துணை தட்டினும் பெட்டி வாய் திறவாது. முதல் தட்டிலேயே அது தன் நோயை நமக்குச் சொல்லிவிட்டது. நாம்தான் செவி கொடுக்கவில்லை. அசைவினால் நீங்கும் பிழை பெரும்பாலும் அசைவினால் வந்த பிழையே.

மின்னணுக் கைவேலையில் ஈடுபடும் நம் இளைஞர்களுக்குப் பெருந்தொல்லை தருவது இத்தகைய வந்து மறையும் பிழைதான். அறவே எரியாத விளக்கு எளிய நோயாளி. எப்போது சோதித்தாலும் தன் குறையைக் காட்டும். ஒரு வேளை எரிந்து ஒரு வேளை மறையும் விளக்கோ, வைத்தியர் வரும்போதெல்லாம் நலமாயிருந்து, அவர் படியிறங்கியதும் முனகத் தொடங்கும் நோயாளியைப் போன்றது. எண்களையும் எழுத்துக்களையும் காட்டும் கருவிகளில் இது மேலும் தீயது. அதன் காரணத்தை அண்மையில் சித்தூரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்குகிறேன்.

சித்தூரில் வாழும் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். பள்ளியில் தெலுங்கு, நூல்களில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என மூன்று மொழிகளுக்கிடையே வளர்பவன். அவனுடைய பாட்டியார் நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். திறவாத இன்சுலின் குப்பிகளை 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிரில் வைத்திருக்க வேண்டும். உறைந்துபோன மருந்தைப் பின்னர் உருக்கிப் பயன்படுத்தலாகாது. மிகுந்த வெப்பமும் அதன் ஆற்றலைக் குறைக்கும். வீட்டிலோ பழைய குளிர்சாதனப் பெட்டி. பாட்டியாருக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்க வராது. ஆனால் எண் தெரியும். ஆகவே உள்ளிருக்கும் வெப்பநிலையைப் பெரிய சிவப்பு எண்களாக வெளியே காட்டும் கருவி ஒன்றைப் பேரன் செய்து, காந்தத் துண்டுகளால் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தான். அன்பினால் பிறந்த கருவி அது.

அதன் அமைப்பு எளிது. பெட்டிக்குள்ளே டி.எஸ். 18பி20 என்னும் வெப்ப உணரி. வெளியே ஆர்டுயினோ நானோ என்னும் சிறு கணிப்பலகை. அதனோடு இரண்டு இலக்கங்களைக் காட்டும் எல்.இ.டி. எண்காட்டி. கைப்பேசியின் மின்னேற்றியிலிருந்து 5 வோல்ட்டு மின்சாரம். செய்து முடித்த வாரம் முழுதும் கருவி நன்றாகவே வேலை செய்தது. அதைத் திருப்பதியில் நடந்த ஒரு பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுசென்றான். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்ததும், அறையின் வெப்பமான 31 என்ற எண் தோன்ற வேண்டிய இடத்தில் பொருளற்ற சில கோடுகள் மின்னின. மூன்று சிதைந்திருந்தது, ஒன்றின் மேற்பாதியைக் காணவில்லை. பார்வையாளர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குச் சென்றனர். மாலையில் வீடு திரும்பிக் கதவில் ஒட்டினால், கருவி மாசு மறுவின்றி எண் காட்டியது!

பையன் எண்காட்டியைக் குற்றவாளியாக்கினான். புதிது வாங்கி மாற்றினான். இரண்டு நாளில் மீண்டும் அதே கதை. கணிப்பலகையை மாற்றினான்; பின்னர் கம்பிகளை மாற்றினான். கைச்செலவுக்குக் கொடுத்த பணமெல்லாம் கரைந்தது. “இது ராசியில்லாத பொருள்; மூட்டை கட்டி வை” என்றார் தந்தையார். அந்த நிலையில்தான் எனக்குக் கடிதம் வந்தது.

கடிதத்தில் அவன் பெரிதாக எழுதியிருந்தது திருப்பதியில் பட்ட அவமானத்தை. கடைசியில் ஒரு வரியாக, “பாட்டி சில வேளைகளில் ஒன்பது ஐந்தாக மாறுகிறது என்கிறார், வயதான கண், சரியாகத் தெரிந்திராது” என்றும் எழுதியிருந்தான். என்னைத் திடுக்கிட வைத்தது அந்த ஒரு வரியே. மறுநாளே சித்தூருக்குப் புறப்பட்டேன்.

ஏன் திடுக்கிட்டேன் என்பதை அறிய, எண்காட்டியின் உடலமைப்பை அறிய வேண்டும். ஓர் இலக்கம் ஏழு ஒளிக்கோடுகளால் ஆனது. மேலே ஒரு படுக்கைக் கோடு, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. இடப்புறம் மேலும் கீழுமாக இரண்டு நிலைக்கோடுகள், வலப்புறம் அவ்வாறே இரண்டு. ஏழும் எரிந்தால் 8. ஒன்பதுக்கு இடக்கீழ்க் கோடு தவிர்ந்த ஆறும் எரிய வேண்டும். அந்த ஆறில் வலமேல் கோடு ஒன்று மட்டும் அணைந்துவிட்டால் மிஞ்சுவது என்ன? குறையேதுமற்ற, அழகான 5! அவ்வாறே எட்டில் வலமேல் கோடு போனால் 6. நடுக்கோடு போனால் 0. ஏழில் மேற்கோடு போனால் 1. கழித்தற்குறியாக நிற்பதும் நடுக்கோடேயாதலால், அது அணைந்தால் பூச்சியத்திற்குக் கீழே ஒரு பாகை என்பது வெறும் 1 என்றே தோன்றும்.

திருப்பதியில் எல்லார் முன்னிலையிலும் வெளிப்பட்ட பிழையும், சித்தூர் அடுக்களையில் பாட்டியார் கண்ட பிழையும் ஒன்றே. இரு இடங்களிலும் வலமேல் கோடு அணைந்தது. 31 என்ற எண்ணில் அது அணைந்தபோது எண் உருக்குலைந்தது. எவர் பார்த்தாலும் கருவி பழுது என்று அறிந்தனர். 9 என்ற எண்ணில் அணைந்தபோதோ நேர்த்தியான 5 தோன்றியது. குளிர் வேண்டிய அளவில் இருக்கிறது என்று அது பொய்ச் சான்று கூறியது. கண்காட்சியில் நகைப்புக்கு இடமான பிழை தீங்கற்றது. வீட்டில் ஒருவரும் பொருட்படுத்தாத பிழையே தீங்குடையது. வாய் பேசாத கருவியால் நமக்குக் கேடில்லை. நேர்மையான முகத்தோடு பொய் பேசும் கருவியால் கேடுண்டு.

இனிப் பிழையைத் தேடும் முறைக்கு வருவோம். முதல் விதி, எதையும் தொடாதிருத்தல். உறுப்பு ஒன்றை மாற்றும்போது நாம் பலகையை அசைக்கிறோம், கம்பியை வளைக்கிறோம், ஈயத்தைச் சூடாக்குகிறோம். அந்த அசைவினாலேயே பிழை சில நாள் ஒளிந்துகொள்ளும். மாற்றிய உறுப்பே குற்றவாளி என்று நாம் மயங்குவோம். பையன் மூன்று முறை ஏமாந்தது இவ்வாறுதான்.

இரண்டாம் விதி, பிழையின் உருவத்தைப் படித்தல். இத்தகைய எண்காட்டியில் இரண்டு இலக்கங்களுக்கும் ஏழு கோட்டுக் கம்பிகள் பொதுவானவை. இலக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தனிக் கம்பிகளும் உண்டு. கணிப்பலகை ஒரு கணம் இடப்பக்க இலக்கத்தையும், மறு கணம் வலப்பக்க இலக்கத்தையும் மாற்றி மாற்றி மிக விரைவாக ஏற்றுகிறது. நம் கண் அவ்விரைவை அறியாமல் இரண்டும் ஒருங்கே எரிவதாகக் காண்கிறது. இவ்வமைப்பை மனத்தில் கொண்டால், மறைந்தது எது என்பதே பிழை இருக்கும் இடத்தைச் சுட்டும்.

எல்லா இலக்கங்களிலும் ஒரே கோடு மறைந்தால், அக்கோட்டின் பொதுக் கம்பியை ஐயுறுக. ஓர் இலக்கம் முழுதும் மறைந்து மற்றது நன்றாக இருந்தால், அவ்விலக்கத்தின் தனிக் கம்பியையும் அதை இயக்கும் டிரான்சிஸ்டரையும் ஐயுறுக. யாவும் ஒருங்கே மறைந்தால் மின்வழங்கலையோ, தரைக் கம்பியையோ, கணிப்பலகையையோ ஐயுறுக. 1 பளிச்சென்றும் 8 மங்கியும் தோன்றினால், கோட்டுக்கு ஒன்றாக வைக்க வேண்டிய மின்தடையை இலக்கத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டீர்கள் என்று அறிக.

மறையும் காலமும் ஒரு சான்றாகும். கடிகாரம் அடிப்பதுபோல் ஒழுங்கான இடைவெளியில் கண் சிமிட்டினால் குற்றம் பெரும்பாலும் நிரலில்தான். டி.எஸ். 18பி20 உணரி தன் மிக நுண்ணிய அளவீட்டுக்கு 750 மில்லி செகண்டு வரை எடுத்துக்கொள்ளும். அதன் விடைக்காக நிரல் கைகட்டி நின்றுவிட்டால், அவ்வளவு நேரமும் இலக்கங்களை மாற்றி ஏற்றுவார் இல்லை. ஓர் இலக்கம் மட்டும் எரிய, மற்றது இருளும். அளவிடுமாறு பணித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்து, பின்னர் வந்து விடையைப் பெறும்படி நிரலை எழுதினால் இது தீரும். ஒழுங்கின்றி, நினைத்தபோது வந்து போகும் பிழையோ பெரும்பாலும் கம்பியிலும் இணைப்பிலும் வாழ்வது.

மூன்றாம் விதி, குறிப்பேடு. பிழை தோன்றிய நேரம், அப்போது நிகழ்ந்தது யாது, எது தொடப்பட்டது, எந்த எண் எவ்வாறு மாறியது ஆகிய நான்கையும் எழுத வேண்டும். இதைப் பையனிடம் கூறிக்கொண்டிருந்தபோது, பாட்டியார் உள்ளே சென்று நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். அவற்றின் பின்புறத்தில் பென்சிலால் அவரே எழுதியிருந்தார். காலை 6 மணி, பால் எடுத்தது, 9 ஐந்தானது. பகல் 1 மணி, மோர் வைத்தது, மாறவில்லை. இரவு 8 மணி, மாவு எடுத்தது, 8 ஆறானது. இவ்வாறு பதினொரு குறிப்புகள்.

“கதவைப் பட்டுனு சாத்தினாத்தான் மாறுதுங்க ஐயா. மெதுவாச் சாத்தினா மாறலை. நானும் சொல்லிப் பார்த்தேன், கிழவிக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னுட்டாங்க” என்றார் அவர்.

பையன் தலை குனிந்தான். அவன் தேடிய விடை ஒரு வாரமாக அவன் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறது. கருவியை நாளெல்லாம் பார்ப்பவர் அதைப் பயன்படுத்துபவரே; அவர் சொல்லைவிடச் சிறந்த சான்று எந்த மீட்டரும் தாராது.

நான்காம் விதி, பிழையை நம் ஏவலுக்கு வரச் செய்தல். கருவி எல்லாக் கோடுகளையும் இடைவிடாது ஏற்றி 88 என்று காட்டும்படி ஒரு சிறு நிரலை இட்டோம். கதவை மெதுவாகச் சாத்தினோம், 88 நின்றது. ஓங்கிச் சாத்தினோம், 66 ஆயிற்று. பிறகு கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்து, பென்சிலின் மரமுனையால் பலகையை ஓரத்திலிருந்து சிறுகச் சிறுகத் தட்டிவந்தோம். எண்காட்டியின் ஒரு மூலையை அணுகியபோது வலமேல் கோடுகள் இரண்டும் துடித்தன. அங்கேயுள்ள கால் ஒன்றைக் குச்சியால் மெல்ல அழுத்தினால் எரிந்தன; விட்டால் அணைந்தன. பத்து முறை செய்தோம். பத்து முறையும் அவ்வாறே. வேண்டும்போது வரவழைத்து வேண்டும்போது போக்கக்கூடிய பிழை பாதி தீர்ந்த பிழையாகும். தட்டுதலால் வெளிப்படாத பிழையைச் சூட்டினால் வெளிப்படுத்தலாம். தலைமயிர் உலர்த்தும் கருவியின் இளஞ்சூடு போதும்.

பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினோம். அக்காலைச் சுற்றியிருந்த ஈயத்தில், கால் துளையினின்று எழும் இடத்தில், மயிரிழை போன்ற வட்டமான விரிசல் ஒன்று இருந்தது. நன்றாகப் பற்றிய ஈயம் காலைத் தழுவி மலைச்சரிவுபோல் இறங்கிப் பளபளக்கும். இதுவோ மங்கி, உருண்டை போல் மேலே உட்கார்ந்திருந்தது. பற்றவைக்கும்போது காலும் பலகையின் செப்பும் போதிய சூடேறாமல், ஈயம் மட்டும் உருகி மேலே படிந்ததன் விளைவு. முதலில் செய்த இணைப்பிலும் பின்னர் மாற்றிய இணைப்பிலும் பையன் ஒரே தவற்றைச் செய்திருந்தான். பொருளை மாற்றினானேயன்றிப் பழக்கத்தை மாற்றவில்லை.

“மல்டிமீட்டரால் இவ்விணைப்பை முன்னரே சோதித்தேனே, நலம் என்றுதானே காட்டியது!” என்று கேட்டான். நல்ல கேள்வி. மீட்டரின் ஊசிமுனையைக் காலின்மேல் அழுத்தியபோது, அந்த அழுத்தமே விரிசலை மூடிவிட்டது. சோதிக்கும் கையே நோயை மறைத்தது. இத்தகைய இடங்களில் ஊசியால் அழுத்தாமல், மீட்டரைச் சற்று எட்டக் கவ்விகளால் இணைத்துவிட்டு, ஐயத்துக்குரிய இடத்தைக் குச்சியால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

திருப்பதியில் கெட்டு, வீட்டில் சரியான விந்தையும் விளங்கியது. கதவில் நிமிர்ந்து தொங்கியபோது, எண்காட்டியின் பின்புறமிருந்து இறங்கிய கம்பிக் கற்றை தன் எடையால் அந்த மூலையை இழுத்து, விரிசலின் இரு கரைகளையும் ஒட்டவைத்திருந்தது. பேருந்தின் அதிர்ச்சி விரிசலை வளர்த்தது. கண்காட்சி மேசையில் படுக்கவைத்ததும் இழுப்பு நீங்கிக் கரைகள் விலகின. இடத்தின் ராசியும் இல்லை, பொருளின் ராசியும் இல்லை. கம்பியின் இழுப்பு ஒன்றே காரணம்.

நோய் தெரிந்தபின் மருந்து சில மணித்துளி வேலை. மின்சாரத்தை அறுத்துவிட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி நீக்கினோம். சிறிது பிளக்சு தடவி, சால்டரிங் கோலின் முனையைக் காலிலும் செப்பிலும் ஒருங்கே படும்படி வைத்துச் சூடேற்றி, அதன் பிறகே புது ஈயத்தைக் கொடுத்தோம். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த கம்பி 183 பாகையில் உருகும். அது உறையும் வரை கை அசையலாகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், காரீயம் நஞ்சு. மற்றக் கால்களையும் இவ்வாறே புதுப்பித்தோம். இவை போதா, இழுப்பை நீக்காவிடில் விரிசல் மீண்டும் பிறக்கும். கம்பிக் கற்றையைப் பெட்டியின் சுவரோடு சேர்த்துக் கட்டி, அதன் எடை எண்காட்டியின்மேல் விழாதபடி செய்தோம். காந்தத்துக்கும் பெட்டிக்கும் இடையே மெத்தென்ற நுரைப்பட்டையை ஒட்டினோம். பின்னர்க் கதவை ஐம்பது முறை ஓங்கிச் சாத்தினோம். 88 அசையாமல் நின்றது. பிழை நீங்கியது என்று சொல்லும் உரிமை, முன்பு அதை வரவழைத்த வழிகளிலேயே மீண்டும் சோதித்தவனுக்கே உண்டு.

இன்னொரு சிறு நோயும் இருந்தது. எப்போதாவது ஒரு கணம் 85 என்ற எண் தோன்றி மறைவதைப் பாட்டியார் குறித்திருந்தார். இதற்கும் எண்காட்டிக்கும் தொடர்பில்லை. அவ்வெண் டி.எஸ். 18பி20 உணரி மின்சாரம் பெற்றவுடன் தன்னிடம் வைத்திருக்கும் தொடக்க மதிப்பு. புதிதாக அளவிடுமுன் அதைப் படித்துவிட்டால் 85 வரும். இடையில் அது தோன்றினால், உணரிக்குச் செல்லும் மின்சாரம் ஒரு கணம் அறுந்து மீண்டது என்பது பொருள். கதவின் ரப்பர் விளிம்பில் நாள்தோறும் நசுங்கிய கம்பி உள்ளே இற்றிருந்தது. தட்டையான மெல்லிய கம்பியை மாற்றி, கதவின் கீல் இருக்கும் பக்கமாக வழி விட்டோம். ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள் இருத்தல் கூடும். ஒருவர் தேறியதும் மற்றவரையும் பார்த்துவிட்டே வைத்தியர் புறப்பட வேண்டும்.

பதினாறு எழுத்துக்கள் இரு வரியாகத் தோன்றும் எல்.சி.டி. பலகையைப் பயன்படுத்துவோருக்கும் சில சொற்கள். முதல் வரியில் மட்டும் கட்டம் கட்டமாகக் கருமை தோன்றினால், பலகைக்கு மின்சாரம் கிடைத்தது, கட்டளை கிடைக்கவில்லை என்று பொருள். பின்னொளி எரிந்து எழுத்துத் தெரியாவிடில், மூன்றாம் காலோடு இணைந்த திருகு மின்தடையை முதலில் திருப்பிப் பாருங்கள். வெயில் ஏற ஏற இப்பலகையின் கருமையும் ஏறுமாதலால், காலையில் சரியாக வைத்தது நண்பகலில் கறுத்துப்போதல் உண்டு. அருகே ரிலேயோ மோட்டாரோ இயங்கும்போது பொருளற்ற எழுத்துக்கள் தோன்றி, மின்சாரத்தை அணைத்து ஏற்றும் வரை நீங்காவிட்டால், கட்டளைக் கம்பியில் மின்னிரைச்சல் புகுந்தது என்க. ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடும், பலகையின் மின்கால்களுக்கு நெருங்க 0.1 மைக்ரோபாரடு மின்தேக்கியும் வைத்து, கம்பிகளைக் குறுக்குங்கள்.

மறுபடியும் பாட்டியாரின் கருவிக்கு வருகிறேன். இணைப்பைச் செம்மை செய்ததோடு நாங்கள் நிற்கவில்லை. நாளை வேறொரு கோடு அணைந்தால் என் செய்வது? மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பியதும் முகப்பிலுள்ள விளக்குகள் பல ஒரு கணம் எரிந்து அணைவதைக் கண்டிருப்பீர்கள். எச்சரிக்கை விளக்கு உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதுபோல் ஒவ்வொரு நிமிடமும் ஒரு செகண்டு 88 என்று காட்டிவிட்டு, அதன் பிறகே வெப்பநிலையைக் காட்டும்படி நிரலை மாற்றினோம். “எட்டு எட்டு முழுதாக வந்தால் நம்புங்கள், குறைந்து வந்தால் நம்பாதீர்கள்” என்று பாட்டியாரிடம் சொன்னோம். உணரியிடமிருந்து ஒவ்வாத மதிப்பு வந்தால் எண்ணே காட்டாமல் இருளும்படியும் செய்தோம். பெட்டியின் உள்ளே கடையில் வாங்கிய வெப்பமானி ஒன்றையும் வைக்கச் சொன்னேன். உயிர் காக்கும் மருந்து குறித்த பொருளில் கைவேலைக் கருவி துணையாக இருக்கலாம். தனிச் சான்றாக இருத்தலாகாது. மருந்தின் நிலையில் ஐயம் எழுந்தால் கேட்க வேண்டிய இடம் மருத்துவரே. பெட்டி 9 பாகையில் நின்ற செய்தியை அன்றே தங்கள் மருத்துவரிடம் தெரிவித்து அறிவுரை பெறுமாறும், பெட்டியின் குளிர்த் திருகியைச் சரிசெய்யுமாறும் குடும்பத்தாரிடம் சொல்லிவந்தேன்.

பிழையை வலிய வரவழைத்துப் பார்க்கும் இம்முறை நம் அடுக்களைக்கு மட்டும் உரியதன்று. 2022-ஆம் ஆண்டு அமைந்த திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்து 2023-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள் சந்திரயான்-3 விண்ணேறியது. அதற்கு முன் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பெங்களூரில் அக்கலத்தைக் குலுக்கியும், பேரொலியில் வைத்தும் சோதித்தார்கள். வானத்தில் விரியக்கூடிய விரிசலைத் தரையிலேயே விரியச் செய்து பார்ப்பதுதான் அதன் நோக்கம். நம் பையன் தன் கருவியைப் பேருந்தில் ஏற்றுமுன் அடுக்களை மேசையில் ஒருமுறை குலுக்கிப் பார்த்திருந்தால், திருப்பதியில் தலை குனிந்திருக்க வேண்டுவதில்லை.

இதில் நம் குடும்பங்களின் பிழைப்பும் அடங்கியுள்ளது. ரேணிகுண்டாவையும் திருப்பதியையும் சுற்றிக் கைப்பேசி, தொலைக்காட்சி முதலியவற்றுக்கான தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. காட்சித்தகடுகள் செய்யும் டி.சி.எல். தொழிற்சாலைக்கு 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் திருப்பதிக்கு அருகே அடிக்கல் நாட்டப்பட்டது. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய தொழில்களை நோக்கிச் செல்கின்றனர். சொன்னபடி கோத்துக் கொடுக்கும் கைகள் பல கிடைக்கும். ஏன் இது சில வேளைகளில் மட்டும் கெடுகிறது என்று பொறுமையோடு தேடும் கண்கள் சிலவே. அக்கண்களைப் பெறப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு பென்சில், ஒரு குறிப்பேடு, ஒரு பூதக்கண்ணாடி, பிறர் சொல்வதைக் கேட்கும் பணிவு ஆகிய நான்கும் போதும்.

நான் விடைபெற்றபோது, பையன் பாட்டியாரின் நாட்காட்டித் தாள்களை எடுத்துத் தன் செய்முறைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். “இவற்றை ஏன் ஒட்டுகிறாய், தம்பி?” என்று கேட்டேன்.

“அடுத்த கண்காட்சியில் யார் பிழையைக் கண்டுபிடித்தார் என்று கேட்பார்கள் ஐயா, காட்ட வேண்டாமா?” என்றான்.

அடுக்களையில் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பாட்டியார் வழக்கம்போல் ஓங்கித்தான் சாத்தினார். எண்காட்டியில் 6 என்ற எண் தோன்றியது. உடனே நம்பாமல், அடுத்த நிமிடத்து 88 முழுதாக எரியும் வரை நின்று பார்த்துவிட்டே அவர் அடுப்படிக்குத் திரும்பினார்.